விளையாடாமைச் சான்றிதழ்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வைத்திருக்கும் பொம்மைகளை எல்லாம் மதிப்பீடு செய்து பதிவு செய்யவேண்டும் என்று ஆணை வந்தபோது, அதை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். முக்கியமான விஷயங்களை எவ்வளவு காலம்தான் கவனிக்காமலே விடுவது? சாலையில் பள்ளம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பள்ளம் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

என்னிடம் இருப்பது ஒரு இரும்புத்தோளன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் உயரம். பச்சைக் கவசம், சிவப்பு பூட்ஸ். முதுகில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் வலது கை 'டக்' என்று மேலே போகும். அவ்வளவுதான். என் சின்ன வயதில் அந்த 'டக்'குக்காகச் சாப்பாட்டை விட்ட பையன்கள் உண்டு. இன்று பிரிக்காத டப்பாவோடு உலகத்தில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஒன்று என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். பகல் முழுக்க பொத்தான் அழுத்துவதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஓய்வு. வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் டப்பாவைத் துடைப்பேன். "என்னைக்காவது என் மேலயும் தூசி படிஞ்சா சொல்லுங்க, பக்கத்துல வந்து நிக்கிறேன்" என்பாள் என் மனைவி. அவளுக்குச் சேகரிப்பின் அருமை தெரியாது.

ஆணையை நான் வரவேற்றேன் என்று சொன்னேன் அல்லவா? அது கடைசிப் பத்தியைப் படிப்பதற்கு முன். கடைசிப் பத்தி இப்படிச் சொன்னது: 'முப்பது நாட்களுக்குள் சேகரிப்புப் பொருள் எனச் சான்று பெறாத பொம்மை, விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டு, டப்பாவிலிருந்து பிரிக்கப்பட்டு, அவ்வீட்டில் உள்ள குழந்தையிடம் ஒப்படைக்கப்படும்.' என் வீட்டில் குழந்தை ஒன்று இருக்கிறது. மகள். ஏழு வயது. தங்கமான பெண், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கும் எல்லாரையும் போல இரண்டு கைகள் இருக்கின்றன.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, டப்பாவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, வளர்ந்தோர் பொம்மை மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பிரிவுகள். இடது பக்கம் விளையாடாமைப் பிரிவு. வலது பக்கம் ஏக்கப் பிரிவு. நடுவில் குடிதண்ணீர் டிரம், சங்கிலி போட்ட ஒரு டம்ளர்.

விளையாடாமைப் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். கையுறை போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை முகர்ந்தார். ஒட்டுநாடாவை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இதை யாராவது வச்சு விளையாடியிருக்காங்களா?"

"சத்தியமா இல்லைங்க. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர்கிட்ட வாங்கினேன். அவரும் தொட்டதில்லை. அவருக்கு வித்தவரும் தொட்டதில்லை."

"இதனால எப்பவாவது யாராவது சந்தோஷப்பட்டிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. 'மேற்படி பொருளால் இதுநாள்வரை எவரும் மகிழ்ச்சியடையவில்லை எனத் தெரியவருகிறது' என்று எழுதி, பச்சை மையில் ஒரு முத்திரை குத்தினார். பாதி கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வலது பக்கம் போனேன்.

ஏக்கப் பிரிவு அலுவலர் மென்மையான மனிதர். மேஜைமேல் கைக்குட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. உட்காரச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார்.

"இந்தப் பொம்மையோட நீங்க விளையாடின நாளை நினைச்சுப் பாருங்க."

கண்ணைத் திறந்துவிட்டேன். "சார், இதை வச்சு யாரும் விளையாடலைன்னு இப்பத்தான் அந்தம்மா சான்று குடுத்தாங்க."

"அது அவங்க பிரிவு. வெறும் பழைய பொம்மையைச் சேகரிப்புப் பொருள்னு சொல்லிட முடியாது பாருங்க. பால்ய நினைவு இருக்கணும். அதை வச்சு விளையாடியிருந்தாத்தானே நினைவு வரும்?"

"விளையாடியிருந்தா அந்தப் பக்கம் முத்திரை கிடைக்காதே?"

"கிடைக்காது."

"ரெண்டு முத்திரையும் இருந்தாத்தானே சான்றிதழ்?"

"ஆமா. சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நிறையப் பேருக்கு இது புரியறதில்லை" என்று என்னைப் பாராட்டினார்.

நானும் சளைக்கவில்லை. சின்ன வயதில் என்னிடம் வேறொரு இரும்புத்தோளன் இருந்ததைச் சொன்னேன். அக்காவும் நானும் அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்தது, மாடியிலிருந்து கைக்குட்டையில் கட்டிப் பறக்கவிட்டது, நாலாம் நாள் கால் கழன்று போனது, கழன்ற காலை அக்கா பேனா என்று சொல்லிக் காதில் செருகிக்கொண்டது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் கம்மிவிட்டது. அலுவலர் ஒரு கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினார். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அருமையான ஏக்கம். முதல் தரம்" என்றார் மூக்கைச் சிந்திவிட்டு. "ஆனா அது அந்தப் பொம்மை மேல உள்ள ஏக்கம். அதை எடுத்து இது மேல ஏத்த விதியில இடம் இல்லை. அந்தப் பொம்மையைக் கொண்டுவாங்க, உடனே முத்திரை போட்டுத் தரேன்."

"அது உடைஞ்சு நாற்பது வருஷம் ஆச்சே சார்."

"அப்போ அந்தப் பக்கம் முத்திரை கிடைக்காது" என்று வருத்தப்பட்டார்.

இப்படி இடது பக்கமும் வலது பக்கமுமாகப் பதினோரு தடவை நடந்தேன். டிரம்மில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. கடைசியில் இரண்டு பிரிவும் கலந்து பேசி, எனக்காக ஒரு சலுகை செய்தார்கள். ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வருவார். அவர் முன்னிலையில் நான் பொம்மையைத் தொடாமல், டப்பாவைப் பிரிக்காமல், பதினைந்து நிமிடம் பார்த்து ஏங்க வேண்டும். ஏக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் போதும்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வாளர் வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் வெள்ளைக் கையுறை. மனைவி டீ கொடுத்தாள். மகள் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஏங்கத் தொடங்கினேன். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

முதல் பத்து நிமிடம் பிரமாதமாகப் போனது. "கண் லேசாக் கலங்குது, நல்லது" என்று அவரே சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். மனிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இது என்னன்னு தெரியுமா?"

"அப்பாவோட டப்பா."

"உள்ள யாரு?"

மகள் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவ்வளவு ஒழுங்காக வளர்த்திருக்கிறேன். "ஒரு ஆள்."

"அவர் என்ன செய்வார்?"

"ஒண்ணும் செய்யமாட்டார். நின்னுக்கிட்டே இருப்பார். அவர் எதுவும் செய்யாத ஆள்."

எனக்குச் சுருக்கென்றது. இரும்புத்தோளனைப் பார்த்து எதுவும் செய்யாத ஆள் என்கிறாள், நான் பெற்ற மகள். "யாரு சொன்னா?" என்றேன். "முதுகுல பொத்தான் இருக்கு தெரியுமா?"

"எனக்குத் தெரியலையேப்பா."

"இருக்கு. அழுத்தினா கை மேல போகும்."

"சரிப்பா" என்றாள். பெரியவர்கள் சொல்வதை நம்பாதபோது குழந்தைகள் சொல்கிற 'சரிப்பா' அது. திரும்பிப் போய்ப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாக நினைவில்லை. ஆய்வாளரின் அறிக்கையில் இருப்பதைத் தருகிறேன்: 'காலை 11.40 மணிக்கு மனுதாரர் எவ்விதத் தூண்டுதலுமின்றி எழுந்து, பல்லால் ஒட்டுநாடாவைக் கடித்து, டப்பாவைக் கிழித்து, பொம்மையை வெளியே எடுத்து, பொத்தானை அழுத்தினார். கை மேலே சென்றது.'

டக்.

நாற்பது வருஷம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இன்னொரு தடவை அழுத்தினேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இங்க குடுங்க, நானும் பார்க்கிறேன்" என்று வாங்கி நாலைந்து தடவை அழுத்திச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. ஆய்வாளர் வெள்ளைக் கையுறையைக் கழற்றினார். "மதிப்பீட்டுக்காக" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். மதிப்பீட்டுக்காக முப்பது தடவையாவது அழுத்தியிருப்பார். இடையில் ஒரு தடவை வாயாலும் 'டக்' என்றார். மகள் மட்டும் மேஜையை விட்டு எழவில்லை. கூட்டல் கணக்கு மிச்சம் இருந்தது அவளுக்கு.

பத்து நாளில் தீர்ப்பு தபாலில் வந்தது. பொம்மை பிரிக்கப்பட்டதால் பச்சை முத்திரை ரத்தாகி, அது விளையாட்டுப் பொருள் ஆகிவிட்டது. விளையாட்டுப் பொருளைக் குழந்தையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். விதியின்படி, விளையாடுகிறவர் எவரோ அவரே குழந்தை. ஆய்வின்போது விளையாடியது நான். ஆகவே பொம்மை என்னிடமே இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு மறுபக்கத்தைத் திருப்பினேன். குழந்தை என்று பதிவானவருக்கு ஒரு பாதுகாவலர் வேண்டும். பாதுகாவலர் அதே வீட்டில் வசிப்பவராகவும், விளையாடாதவராகவும் இருக்க வேண்டும்.

"நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள் மனைவி.

"நீதான் பொத்தானை அழுத்தினியே. அறிக்கையில போட்டிருக்கான். அஞ்சு தடவைன்னு எண்ணி வேற வச்சிருக்கான்."

இரண்டு பேரும் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

மறுநாள் மகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு, இல்லை, எழுத்துப்பூர்வமாகச் சொன்னால் அவள் என்னை அழைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குப் போனோம். வரிசை வாசல்வரை நின்றது. தலை நரைத்த ஆண்கள், தொப்பை வைத்த ஆண்கள், ஆளுக்கொரு பொம்மையும் கையுமாக. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குழந்தை. எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். அதே ஆய்வாளர். பத்து வயதுப் பையன் அவர் சட்டையைப் பிடித்திருந்தான். "உங்க வீட்டுல வந்து அழுத்தினதை நானே அறிக்கையில எழுதிட்டேன் சார், பழக்க தோஷம்" என்றார்.

புதிதாகப் பாதுகாவலர் பிரிவு திறந்திருந்தார்கள். கவுண்டர் உயரம் என்பதால் பாதுகாவலர்கள் ஏறி நிற்க ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். மகள் ஏறி நின்றாள். அலுவலர் எழுந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. மைனர்களிடம் பேச விதியில்லை.

"இவரை நல்லாப் பார்த்துக்குவீங்களா?"

"பார்த்துக்குவேன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாட விடுவீங்க?"

"அரை மணி நேரம். வேலைக்குப் போயிட்டு வந்தப்புறம்."

"எப்படிப் பத்திரமா விளையாடறதுன்னு சொல்லிக்குடுப்பீங்களா?"

மகள் யோசித்தாள். "அது எனக்குத் தெரியாதுங்க. நான் விளையாடினதில்லை."

"உங்களுக்குப் பொம்மையே கிடையாதா?"

"இருக்கு. பதினாறு இருக்கு. பிறந்தநாளுக்கு வந்தது, மாமா குடுத்தது, எல்லாம். டப்பாவோட அலமாரில மேல இருக்கு. நான் பெரியவளானா அதுக்கெல்லாம் மதிப்பு வரும்னு அப்பா வச்சிருக்கார்."

"ஒண்ணுகூடப் பிரிக்கலையா?"

"இல்லைங்க."

"என்கிட்ட இருபத்திரண்டு இருக்கு" என்றான் ஆய்வாளரின் பையன், ஓரமாக நின்று ரசீதுக்குக் காத்திருந்தவன். வரிசையில் இன்னும் யார் யாரோ சின்னக் குரலில் எண்ணிக்கை சொன்னார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இரும்புத்தோளனைப் பார்த்தேன்.

அலுவலருக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி. இடது பக்கப் பிரிவு அம்மாவைக் கூப்பிட்டார். அவர் கையுறையோடு வந்து என் மகளின் இரண்டு கைகளையும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளைத் தடவினார். "ஏழு வருஷமா ஒரு கீறல்கூட இல்லை. இந்த நிலையில இப்பல்லாம் கிடைக்கறதே அபூர்வம்" என்று சொல்லி, என் பொம்மைக்குக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்ட அதே பச்சை முத்திரையை ஒரு தடித்த தாளில் குத்தினார். 'விளையாடாமை: முழுமையானது. தரம்: முதல்.' கீழே என் மகளின் பெயர்.

மகள் முக்காலியிலிருந்து இறங்கினாள். வாழ்க்கையில் அவள் வாங்கிய முதல் சான்றிதழ் அது. முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் நின்று அதை இரண்டாக மடித்துக் கூரான மூக்கு ஒன்று செய்யப் பார்த்தாள். விமானமோ, படகோ, எனக்குத் தெரியவில்லை.

"கொண்டா இங்க, மடிக்காதே" என்றேன் நான்.