தொட்டிக்குள் மூன்று பச்சைக் கட்டிகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் மகளும் அத்தையும் நானும் நலம். நலம் என்ற சொல்லில் மாடித் தொட்டியைச் சேர்க்கவில்லை. பெரிய மகள் வீட்டுக்கு நீங்கள் வைக்கப் போன இரும்புப் படிக்கட்டு பாதி ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. அதில் உட்கார்ந்து மேலே படிக்கவும்.

தொட்டி ஒழுகுகிறது.

முப்பது வருடம் பட்டறையில் வெல்டிங் செய்தவர் நீங்கள். கல்லூரியில் உலோக அரிப்பு பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். அந்தத் தொட்டி நீங்களே இரும்புத் தகடு வெட்டிச் சேர்த்தது. கல்யாணமான மூன்று ஆண்டுகளாக என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது சொன்னீர்கள்: "நான் திரும்பி வர்றப்போ தொட்டி ஒழுகாம இருந்தா, மாப்பிள்ளைன்னு கூப்பிடுறேன். அதுவரைக்கும் சார்தான், சார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும். கொஞ்சம் தாமதமாக.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தொட்டிக்குள் மூன்று துத்தநாகக் கட்டிகளைப் பொருத்த வைத்தேன். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். இரும்பைவிடச் சீக்கிரம் அரிக்கும் ஓர் உலோகத்தை அதோடு ஒட்டி வைத்தால், அது முதலில் கரையும். இரும்பு தப்பும். "இரும்புக்காக இன்னொண்ணு சாகுமா? நல்ல கூத்தா இருக்கே" என்றீர்கள். "கட்டி தேயணும் மாமா. தேஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். "சரிங்க சார்."

கட்டி இரும்பைத் தொட வேண்டும். அதற்காகத் தொட்டியின் உள்பூச்சை மூன்று இடங்களில் சுரண்டச் சொன்னதும் நான்தான். சுரண்டியவர் பிளம்பர். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது படிக்கு மேல் எனக்குத் தலை சுற்றும்.

பிறகு நடந்தவை. நீங்கள் கிளம்பிய அன்று வீட்டில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை, நான் மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், பிளம்பர் வந்து அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, கோளாறு ஒன்றும் இல்லை என்று திரும்ப மாட்டினார், தொட்டி ஏன் காலியானது என்று அவருக்கும் புரியவில்லை, "அப்பா போனதுல தொட்டிக்கும் துக்கம்" என்றாள் உங்கள் மகள், அதோடு அதை விட்டுவிட்டேன், மாதாமாதம் அவள்தான் டார்ச்சோடு மேலே ஏறினாள், "கட்டி எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து கத்துவேன், "அப்படியேதான் இருக்கு, கொஞ்சம் பாசி மாதிரி பச்சையா இருக்கு" என்பாள், நான் நோட்டில் 'தேய்மானம் இல்லை, பாசி' என்று எழுதி, உள்பூச்சு அவ்வளவு உறுதி, கட்டிக்கு வேலையே இல்லை என்று பெருமைப்பட்டேன், இதையே ஒரு மாணவன் தேர்வில் எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன்.

நாலாம் மாதம், துவைத்த என் வெள்ளைச் சட்டை டீ நிறத்தில் வந்தது. மறுநாள் மாடிச் சுவரில் பழுப்புக் கோடு.

ஏறினேன். நானே. பதினொரு படிகள்.

மூன்று கட்டிகளும் பச்சை. பாசி அல்ல. பெயிண்ட். இரண்டு கோட்டிங், ஓரம்கூட விடாமல். நம் கேட், ஜன்னல் கம்பி, சைக்கிள், தபால் பெட்டி எல்லாவற்றிலும் உள்ள அதே பச்சை. தண்ணீர் படாத கட்டி கரையவில்லை. அதற்குப் பதில், நான் சுரண்டச் சொன்ன இடத்தில் இரும்பு கரைந்திருந்தது. ஊசி நுழையும் ஓட்டை.

பெயிண்டரைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஜன்னல் கம்பிக்கு வந்தவர். "சொல்லாம அடிக்கிற பழக்கம் எனக்கில்ல சார். சொன்னாலே ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவேன்." நம்பினேன். அத்தையைக் கேட்டேன். "என்னையா கேக்குறீங்க? அந்த ஏணியைப் பார்த்தாலே எனக்கு முட்டி வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிய டம்ளரை இன்னொரு முறை கழுவினார். அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சுரண்டச் சொன்னது நான். தேயாத கட்டியைப் பார்த்து மகிழ்ந்ததும் நான். முழுப் பொறுப்பும் என்னுடையது. மன்னிக்க வேண்டும்.

தண்ணீரை இறக்கியாயிற்று. ஓட்டையை அடைக்க வெளி ஆளைக் கூப்பிடவில்லை. உங்கள் வேலைமேல் இன்னொருவர் கை வைப்பது சரியல்ல. நீங்கள் வந்து பாருங்கள். 'சார்' என்றே கூப்பிடலாம். பழகிவிட்டது.

பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. படிக்கட்டுக்கு முதலில் பிரைமர், பிறகு பெயிண்ட். உங்களுக்குத் தெரியாததில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
உங்கள் இளைய மகளின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். 'மன்னிக்க வேண்டும்' வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அடிச்சது அவருதான். ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு விடியக்காலம், பெட்டி கட்டியாச்சு, ஆளைக் காணோம். மாடியில போய்ப் பார்த்தா தண்ணியை எல்லாம் திறந்து விட்டுட்டு, பச்சை டப்பாவும் பிரஷுமா தொட்டிக்குள்ள நிக்கிறாரு. என்னங்க இதுன்னா, 'மாப்பிள்ளை ஆசையா வச்சதுடி, அரிச்சுக்கிட்டே போகுது, பார்த்துட்டுச் சும்மா போகச் சொல்றியா'ன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற."

நீங்கள் என்னை என்ன சொல்லிக் குறிப்பிட்டீர்கள் என்று அத்தையை இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தேன்.

மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். உங்களுடையதை எதிர்பார்க்கிறேன். பதில் கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், மாமா.