அவசரத்துக்கு ஒரு பெட்டி

"வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல ஊருக்குக் குடுக்கறதா இருக்கேன். இன்னிக்கே எடுன்னா எப்படி? அலோ..."

ஜானகிராமன் கேட்டு முடிப்பதற்குள் போன் அறுந்துவிட்டது. சின்னராசு பேசியதில் பாதி இரைச்சல். "ஐயா, அம்மாவுக்கு மூச்சு... உங்க வூட்டுப் பொட்டி ஒடனே வோணும்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கிச் சுமந்த, சின்னராசுவின் அம்மா சந்திரம்மா போய்விட்டாள்.

கூடத்தில் புத்தம் புது ஐஸ் பெட்டி, இறந்தவர்களைக் கிடத்துவது, உறை பிரிக்காமல் இருந்தது.

"உயிரோட கீறவங்களுக்கு எதுனா செய்ங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்" என்றாள் மனைவி கண்ணகி.

"உயிரோட இருக்கறவன் நாளைக்கும் இருப்பான். செத்தவனுக்கு ஏதுடி நாளைக்கு? தருமத்துல எது அவசரம்னு எனக்குத் தெரியும்."

"அப்பா, இப்ப ராகு காலம்" என்றான் மகன் ரமேஷ்.

"அது முடியற வரைக்கும் நின்னா, பேருக்குத்தான் பெட்டின்னு ஊரே சிரிக்கும். மூணு தலைமுறையா நம்ம வாசல்ல வந்து யாரும் வெறுங்கையோட திரும்பினதில்ல. தூக்குடா."

பெட்டி மினிவேனில் ஏறியது. தெருமுனையில் அவருக்கு உறுத்தியது. நம் வீட்டுப் பெட்டி மொட்டையாகப் போவதா? ஆளுயர மாலை வாங்கினார். மாலை வந்ததும் மேளம் இல்லாதது குறையாகப் பட்டது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பேண்டு செட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பேண்டு முழங்கியதும் கடைகள் சாத்தப்பட்டன. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஷிப்டை மறந்து பின்னால் நடந்தார்கள். சந்திரம்மாவின் சொந்தக்காரப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். படூரில் வேலையிலிருந்த பேத்தி ஜாக்குலின் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாளாம்.

"அப்பா, எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமா?"

"சாவு வீட்டுக்குப் போன் போட்டு இன்னாடா கேப்ப? செத்தாச்சான்னா?"

சின்னராசு வீட்டு வாசலில் பேண்டு ஓய்ந்தது. வாசலில் நின்ற சின்னராசு வாயைத் திறப்பதற்குள், ஜானகிராமன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மாலையும் கையுமாக நிமிர்ந்த நடையில் உள்ளே போனார்.

கட்டிலில், சுவரோடு சாய்ந்து, சந்திரம்மா இளைத்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தாள். ரமேஷும் மூன்று பேரும் உள்ளே இறக்கிய பெட்டியைப் பார்த்தாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"நைனா, நான் கேட்டது உம் மருமவ கொழந்தைக்கு வெச்சிகீறாளே, ஆவி புடிக்கிற பொட்டி. நீ ஆவி போனப்புறம் வெக்கிற பொட்டிய எடுத்தாந்துகீறியே."