நிச்சயதார்த்தத்தைக் கெடுக்க வந்த மாத்திரை

பேர்லேண்ட், டெக்ஸஸ்
12.10.1996

சிரஞ்சீவி வெங்கடகிருஷ்ணனுக்கு, அத்திம்பேர் பாலசுப்ரமணியன் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் உன் அக்கா நாகலக்ஷ்மியும் இங்கு க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் வலது கால் சம்மதிக்கவில்லை.

பிள்ளை தீபக்குக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில், போன மாதம் என் கால் பெருவிரல் தக்காளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போயிற்று. வீக்கம் வடிந்ததும் டாக்டர் மறுபடி வரச் சொன்னான். இந்த ஊரில் கார் இல்லாமல் கறிவேப்பிலைகூட வாங்க முடியாது. தீபக்குக்கு அன்று ஆபீஸில் மீட்டிங். பெண் ஷ்யாமளாவின் அப்பா பிச்சுமணி, தானே டிரைவ் பண்ணுகிறேன் என்று வந்தார். ஹூஸ்டனில் பெரிய இன்ஜினியர். மரியாதைக்காக உள்ளேயும் கூடவே வந்து உட்கார்ந்தார். அங்கேதான் என்னைச் சனி பிடித்தது. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, தினம் எத்தனை பீர் என்று கேட்டான். குடிப்பாயா என்றுகூட இல்லையடா, எத்தனை! நான் வாயடைத்துப் போனதை, மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, மாட்டுக்கறி, ஈரல் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடுகிறவன் நான்! பிச்சுமணி சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஜாஸ்தியாம், பீரும் கறியும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது சீக்கிரம் ஏறுமாம். அதைக் குறைக்க அலோப்யூரினால் என்று ஒரு மாத்திரை, தினமும், ஆயுசுக்கும். தொலையட்டும் என்று போட ஆரம்பித்தேன். நிச்சயதார்த்தம் பேச மீனாக்ஷி கோவிலுக்குப் போன அன்று, சந்நிதி வாசலில் அதே விரல் மறுபடி பற்றி எரிந்தது. தள்ளாடித் தள்ளாடி நடந்து, கடைசியில் பிச்சுமணியின் தோளிலேயே சாய்ந்துவிட்டேன். அவரும் அவர் மனைவி அபயாம்பாளும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "மாமாவுக்கு முடியலை போலிருக்கு. இன்னொரு நாள் பேசிக்கலாமே" என்று அந்த அம்மாள் அவரை இழுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். உன் அக்கா என் பக்கம் பேச வேண்டியவள், "ஏன்னா, எலெக்ட்ரிசிட்டி போர்டு கிளப்புக்குப் போவேளே, அங்கே என்னதான் குடிச்சேள்?" என்கிறாள்!

தீபக் டாக்டருக்கு ஃபோன் பண்ணினான். "அப்பா, ஆரம்பத்துல இந்த மாத்திரையே சில பேருக்கு வலியைக் கிளப்பி விடுமாம். ஸ்டாப் பண்ணக்கூடாதாம். வலிக்குத் தனியா மருந்து தராராம்."

"வரும்னு தெரிஞ்சேவா குடுத்தான்?"

"அன்னிக்கே சொன்னாராம்ப்பா. நீங்கதான் பீர்லயே நின்னுட்டேள்."

மாத்திரை டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். ஷ்யாமளா தங்கமான பெண், நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த மருந்தும் வேண்டாம், இந்த தேசமும் வேண்டாம். கிடைக்கிற முதல் விமானத்தில் வருகிறோம். மீனம்பாக்கத்துக்குச் சக்கர நாற்காலியோடு வந்து சேர். குழந்தைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
குடிகாரன் என்று பெயரெடுத்த உன் அத்திம்பேர்,
பாலசுப்ரமணியன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் சத்தம். பிச்சுமணி தம்பதி, தட்டு நிறைய பழமும் பூவுமாக. அவர் என் முகத்தைப் பார்க்காமலே சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே அலோப்யூரினால்! வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறாராம். ஆரம்பத்தில் அவரையும் இப்படித்தான் படுத்தியதாம், அப்புறம் வலி எட்டிப் பார்க்கவே இல்லையாம்.

"ஆஸ்பத்திரியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஸார்?" என்றேன்.

"எப்படி ஸார் சொல்றது? பொண்ணைப் பெத்தவன். பரம்பரை வியாதின்னு நீங்க சம்பந்தத்தையே வேண்டாம்னுட்டா?"

உன் அக்கா குப்பையைக் கிளறப் போய்விட்டாள். தை மாதம் கல்யாணம், விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று, நீயும் வந்துவிடு. எதற்கும் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் யூரிக் ஆசிட் பார்த்துவிடலாமா என்று கேட்டேன், பிச்சுமணியும் தலையை ஆட்டினார். சம்பந்திகள் இரண்டு பேருக்கும் அவரவர் மனைவியிடம் ஒரே சமயத்தில் திட்டு விழுந்தது.