சமையல்கட்டு லேத்து உரிமம் பெற்ற வரலாறு

ராஜபாளையத்தில் தையல் மெஷின் ரிப்பேருக்கு இர்ஃபானாவை விட்டால் ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொன்னதை நம்பி அவள் ஒரு காரியம் செய்தாள். பழைய மெஷின்களுக்கு வேண்டிய புஷ், பின் மாதிரி சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் கடையில் கிடைக்காமல் போனதால், தானே கடைந்துகொள்ள ஒரு மினி லேத்து வாங்கி வந்தாள். பட்டறை லேத்தைத் துவைத்துச் சுருங்கப் போட்டதுபோல் இருக்கும். சமையல் மேடையில், கிரைண்டருக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. இரண்டில் அதிகச் சத்தம் போட்டது கிரைண்டர்தான்.

ஆனாலும் அரசாங்கத்தின் காதில் விழுந்தது லேத்து. 'குறு, நுண் மற்றும் இதர பொறிகள் ஒழுங்குமுறைப் பிரிவி'லிருந்து ஆய்வாளர் காமராஜ் வந்தார். மேடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது லேத்துதானம்மா?"

"ஆமா சார்."

"இனிமேத்தான் வளருமோ?"

"இல்ல சார். அம்புட்டுத்தான் அது."

பதினைந்து நாளுக்குள் உரிமத்துக்கு விண்ணப்பிக்காவிட்டால் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். கரண்டு போனால் பிழைப்பும் போச்சு. மறுநாளே இர்ஃபானா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே பிரிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பாலகணேஷ் விதிப் புத்தகத்தைப் பயபக்தியோடு பிரித்தார்.

"லேத்தைச் சுத்தி நாலு பக்கமும் மூணடி இடம் விடணும். பணியாளர் சுத்தி வரணும்லா?"

"நான் சுத்தி வரவேண்டாம் சார். லேத்தையே தூக்கித் திருப்பி வச்சுக்கிடுவேன்."

பாலகணேஷ் பதறிப்போனார். "வெளிய சொல்லிராதீங்கம்மா! எடம் மாறுனா அது லேத்து இல்ல, வாகனம். பொறவு நம்பர் பிளேட்டு கேப்பாங்க."

அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"எத்தனை பேரு வேலை பாக்காங்க?"

"நான் ஒருத்திதான்."

"லேத்துன்னா மூணு பேரு. இயக்குபவர், உதவியாளர், மேற்பார்வையாளர்."

"மூணு பேரு நின்னா லேத்து தெரியாதே சார்."

"தெரிய வேண்டியது லேத்து இல்லம்மா. கையெழுத்து."

அப்படியாக, உதவியாளர் இர்ஃபானாவை மேற்பார்வையாளர் இர்ஃபானா கண்ணியமாக நடத்துவார் என்பதற்கு இயக்குபவர் இர்ஃபானா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பாலகணேஷ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணுபோல இருக்கே! ஒரே குடும்பமா?"

"ஆமா சார்."

"நல்ல ஒத்துமை" என்று பாராட்டி முத்திரை குத்தினார்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை லேத்தை ஓட்டக்கூடாது என்று உத்தரவு. ஓட்டவில்லை என்பதைத் தினமும் பதிவேட்டில் எழுதி, ஓட்டாத நேரத்தையும் குறிக்க வேண்டும். பதிவேடு நிரம்பிக்கொண்டே போனது. சேத்தூரில் நைட்டி தைக்கும் குருவம்மாள், மெஷின் நின்றுபோய் நாலு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

இருபதாம் நாள் காமராஜ் கள ஆய்வுக்கு வந்தார்.

"தொழிற்கூடத்துல அடுப்பு எரியலாமாம்மா?"

"சார், இது அடுப்படி."

"விண்ணப்பத்துல தொழிற்கூடம்னு மூணு பேரு எழுதிக் குடுத்திருக்கீங்க. மூணு பேரும் பொய் சொல்லுவீங்களா?"

அன்றே அடுப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தாளித்த கடுகு தலையணையில் தெறித்தது. கணவன் ஃபயாஸ் அதைத் தட்டிவிட்டபடி கேட்டான்: "ஏட்டி, நாம வீட்டுக்குள்ள லேத்து வச்சிருக்கோமா, லேத்துக்குள்ள வீடு வச்சிருக்கோமா?"

நாற்பதாம் நாள் உரிமம் வந்தது. இர்ஃபானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். தெருவே வந்து அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது. லேத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் குருவம்மாள் வந்தாள். இர்ஃபானா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா. ஆதார் நகல் ரெண்டு, போட்டோ ஒண்ணு குடுங்க. முறைப்படி செஞ்சிருவோம்."

"ஒரு புஷ்ஷுக்கா தாயி? அது முடிஞ்சுபோச்சு. சோழபுரத்துல சிவரஞ்சனின்னு ஒரு புள்ள, இதே மாதிரி குட்டி லேத்து வச்சிருக்கு. செத்த நேரத்துல கடைஞ்சு குடுத்துருச்சு. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அந்தப் புள்ளகிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"யாரு கேட்டா? மெஷின் ஓடுது."

குருவம்மாள் போன பிறகும் இர்ஃபானாவுக்கு மனசு ஆறவில்லை. நாற்பது நாள் அலைந்தவள் ஒருத்தி, அலையாமலே கடைபவள் ஒருத்தி! நாட்டில் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். சோழபுரத்தில் உரிமமின்றி ஒரு லேத்து ஓடுவதையும், அதனால் சமுதாயத்துக்கு நேரும் கேட்டையும் விளக்கி, காமராஜ் ஐயாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

பெயரைப் போட மட்டும் கை வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அடியில் இப்படி முடித்தாள்:

'இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்.'