நாற்பத்தெட்டில் எட்டு விழாத பலகை

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பலகையாவது முழுசாகச் செதுக்கிக் காட்டுவது. இல்லையென்றால் பின்னறையைக் காலி செய்துவிடுவது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து டைம்கீப்பர் சபதம் போட்டார்.

"எழுதிக் கொடுங்க" என்றாள் மனைவி.

எழுதிக் கொடுத்தார். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறவர். உள்ளே ஆட்கள் இருந்தார்களா, வண்டிக்கு டயர் இருந்ததா என்பதெல்லாம் அவர் பாடு இல்லை. மணி மட்டும்தான். அதுவும் பேனாவில். பென்சில் எழுத்து டிப்போவில் செல்லாது. அவர் கண்ணுக்கே தெரியாது.

சபதத்துக்குக் காரணம், மரத்தில் எழுத்துச் செதுக்கும் ஒரு குட்டி மிஷின். ஆசைக்கு வாங்கியது. "பாரு, ஒரே கையில தூக்கிட்டு வந்தேன்" என்று அன்றைக்குப் பெருமை வேறு. லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் கன்ட்ரோலர் பெட்டிக்குப் போகும். பெட்டி சொன்னபடி கத்தி நடக்கும். பாதி வழியில் 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று திரையில் வரும். கத்தி அங்கேயே நின்றுவிடும்.

வீட்டு நம்பர் நாற்பத்தெட்டைத்தான் முதலில் செதுக்கினார். நாலு முடிந்ததும் நின்றது. வீணாக்குவானேன் என்று வாசலில் மாட்டினார். அன்றிலிருந்து நாலாம் நம்பர் வீட்டுத் தபாலெல்லாம் இங்கே வருகிறது.

"மறுபடியும் தொடர்பு போச்சாம்!"

"நீங்க பின்னறையில போய் உட்கார்ந்த அன்னிக்கே போயாச்சு."

அவளுக்கும் அந்த அறை வேண்டும். முன்னறை மூலையில் மோட்டார் வைத்த மிஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். துணி வெட்ட இடமில்லை, கட்டில் மேல்தான் வெட்டுகிறாள். போன மாசம் விரிப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டு, ஒரு பையன் சட்டைக்கு ஒரு கை வெள்ளையாகவும் ஒரு கை பூப்போட்டதாகவும் வந்தது.

டைம்கீப்பர் ஒரு வாரம் லீவு போட்டார். திங்களன்று ஒயரை மாற்றினார். செவ்வாயன்று லேப்டாப் தூங்காமல் இருக்க ஏற்பாடு செய்தார். லேப்டாப் தூங்கவில்லை; அவர் தூங்கினார். புதனன்று சிக்னல் கெடாமல் இருக்க ஒயரில் ஒரு கறுப்பு வளையம் மாட்டினார். வியாழனன்று பெட்டியையே கழற்றித் துடைத்து மூடியதில் ஒரு திருகாணி மிச்சம். மிஷின் வாங்கிய நாளிலிருந்தே போட்டுவரும் நோட்டில், தொடர்பு அறுந்த ஒவ்வொரு தடவையும் மணி ஏறியது. பத்து பதினொன்று. பதினொன்று நாற்பது. நாலு இரண்டு.

"என்னங்க, நான் மிதிக்கிறப்பதான் உங்களுது..."

"இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். நீ ஊசியைப் பாரு."

அவள் ஊசியைப் பார்த்தாள்.

சனிக்கிழமை, தைத்த துணியைக் கொடுக்க அவள் வெளியே போயிருந்தாள். மிஷின் ஓடியது. நாலு. எட்டு. எட்டின் மேல்வட்டம், கீழ்வட்டம், எல்லாம்! பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தில் மேஜை விளக்கு கீழே விழுந்தது.

அவள் வந்ததும் காட்டுவதற்காக இன்னொன்று ஆரம்பித்தார். அவள் வந்து தைக்க உட்கார்ந்தாள். முன்னறையில் கர்ரென்று சத்தம். இங்கே கத்தி நின்றது.

முன்னறைக்கு ஓடினார். "மறுபடி மிதி!" மிதித்தாள். பின்னறைக்கு ஓடினார். "விடு!" விட்டாள். இப்படி ஏழு தடவை. பிறகு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாம் உன் மோட்டார் பண்ற வேலை!"

"அட! அப்படியா?"

"இனிமே ரெண்டு மிஷினும் ஒரே கரண்ட் லைன்ல இருக்கக் கூடாது. இது என் தீர்ப்பு."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"வேற லைன் எங்க இருக்கு?"

"வீடு முழுக்க ஒரே லைன். பின்கட்டுல துணி துவைக்கிற மிஷினுக்கு மட்டும்தான் தனி லைன்."

"என்னுது இரும்புக்கால் மிஷின். தூக்க நாலு பேர் வேணும். உங்களுது?"

டைம்கீப்பர் தன் ஒரு கையைப் பார்த்துக்கொண்டார்.

"சபதத்துல ஜெயிச்சது நான். பின்னறை என்னுது!"

"உங்களுதுதான். யார் இல்லேன்னா? அங்க உங்க மிஷின் ஓடாது, அவ்வளவுதான். நான் துணி வெட்டுறப்போ நீங்க பக்கத்துல உட்கார்ந்துக்கோங்க."

சாயங்காலம் பின்கட்டுக்கு மிஷினைத் தூக்கிப் போனார். கூடவே நோட்டையும். என்னவோ தோன்றிப் பழைய பக்கங்களைப் புரட்டினார். மூன்று மாசத்துக்கு முந்தைய முதல் பக்கத்திலிருந்தே, அவர் எழுதிய ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு வார்த்தை. காலர். கை. பாக்கெட். காலர்.

"ஏய்! உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சொன்னேன், நீங்க கேட்கல. எழுதினேன், நீங்க படிக்கல."

துவைக்கிற மிஷினை அவர் வெறித்துப் பார்த்தார். "இதுலயும் மோட்டார் இருக்கே!"

"அதான் நானும் யோசிச்சேன். அது எப்ப ஓடும்னு தெரிஞ்சாதானே நீங்க செதுக்க முடியும்? நீங்களே போட்டு நீங்களே எடுத்துட்டா, ஒரு குழப்பமும் வராது."

வரவில்லை. அதன்பிறகு ஒரு தடவைகூடத் தொடர்பு அறுந்ததில்லை. நோட்டே சாட்சி. எல்லாம் பேனாவில்தான் இருக்கிறது: காலை ஏழு பத்து, வெள்ளைத் துணி. எட்டு ஐந்து, கலர்.