கானாவுக்குப் போகிற பாய்

அன்று காலை டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கலீலுல்லாவுக்கு இத்தனை தொல்லை வந்திருக்காது.

"நான் கானாவுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டார்.

"யாரு வூட்டு கானா பாய்? கல்யாணமா, சுன்னத்தா?" என்று கிளாஸைக் கீழே வைத்தார் ராஜாங்கம். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பாய் வீட்டு விருந்து என்றால் பூகோளம் மறந்துவிடும்.

"சாப்புடற கானா இல்ல சார். ஆப்பிரிக்காவுல இருக்குதே கானா நாடு, அங்க."

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற மனிதர். கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போவதானாலும் கையில் எலுமிச்சம்பழம் வேண்டும் அவருக்கு. அப்பேர்ப்பட்டவர் ஏரோப்ளேன் ஏறப்போகிறார். டீக்கடைக்காரர் அன்றைக்கு அவருக்கு மலாய் போட்டுக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் டிரங்க் கால் வந்திருந்தது. மகள் பாயிஸா கானாவில் இருந்தாள். அவள் புருஷன் வாஜித் அங்கே ஒரு துணிக்கடையில் மேனேஜர்.

"மாமா, பாயிஸாவுக்குத் தை மாசம் பிரசவம்," என்று வாஜித் கடல் தாண்டிக் கத்தினான். "இப்ப இங்க ஒரே மழை. ரோடெல்லாம் சேறு. மழை வுட்டு டிரை சீசன் ஆரம்பிச்ச ஒடனே வந்துடணும். மெட்ராஸ்ல ஏஜென்ட் கிட்ட டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன். பாஸ்போர்ட்ட மட்டும் அனுப்பிடுங்க."

சிங்கப்பூர் மச்சினன் கூப்பிட்டபோது கலீலுல்லாவுக்கும் மனைவி ஷர்புன்னிசாவுக்கும் எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் ஒரே கவரில் கிடந்தது. கலீலுல்லா கவரோடு அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் ஏரோப்ளேன் ஏற வேண்டுமே என்பது உறைத்தது. மகள் என்றால் அவருக்கு உயிர். ஏரோப்ளேன் என்றால் அந்த உயிரே போய்விடும். தலைப்பிரசவத்துக்கு ஒரே மகளைத் தனியாக விடவும் மனசு கேட்கவில்லை, ஆகாயத்தில் பறக்கவும் தைரியம் இல்லை. இதில் ஊருக்கெல்லாம் வேறு சொல்லியாகிவிட்டது. பயணம் தானாக நின்றுபோக வேண்டும், தன்னால் நின்றதென்று ஒருவரும் சொல்லக்கூடாது. அதற்கு வழி தேடினார்.

வீட்டில் ஷர்புன்னிசாவிடம் ஆரம்பித்தார்.

"டிரை சீசன்னா இன்னா தெரியுமா? வறட்சி. கோமுகி டேம் வத்துனாவே நம்ம பக்கம் கொடத்துக்குக் கொடம் சண்ட. அந்த ஊர்ல குடிக்கத் தண்ணி கெடைக்குமா? அந்த நேரத்துல போவலாமா?"

"பச்ச ஒடம்புக்காரிக்கு வென்னி வோணுமேங்க," என்றாள் அவள் கவலையாக. "அப்ப இன்னும் சீக்கிரமா போவணும்."

ராஜாங்கம் சொன்னால் எடுபடும் என்று அவரைக் கூப்பிட்டு வந்தார். வாத்தியார் அட்லஸை விரித்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஊருக்கு டிரை சீசன்தான் பாய் நல்ல சீசன். வடக்க பாலைவனத்துலேந்து காத்து வரும், கொஞ்சம் தூசி இருக்கும், அவ்ளோதான். கொசு கம்மி. ரோடு காஞ்சி கெடக்கும். கரியாலூர் அருவிக்கு மழை பேஞ்சா போவணும், கானாவுக்கு மழை வுட்டா போவணும்."

"அப்படிச் சொல்லுங்க சார்," என்று ஷர்புன்னிசா அவருக்கு இரண்டாம் தரம் சேமியா வைத்தாள்.

அடுத்த வாரம் ஏஜென்ட் போன் செய்து, மஞ்சள் காய்ச்சல் சர்டிபிகேட் இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். கலீலுல்லாவுக்கு முகம் மலர்ந்தது. மஞ்சள் என்றால் மஞ்சள் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. இது அவருடைய சொந்தத் தொழில். கீழாநெல்லி எந்த வரப்பிலும் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல; ஆனால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் பயணம் நின்றுவிடும்.

"மலைல மொளைக்கறதுதான் வீரியம். அதுவும் இப்ப கெடைக்குமோ கெடைக்காதோ," என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தோடு கரியாலூர் பஸ் ஏறினார்.

கல்வராயன் மலையிலிருந்து அவர் கடைக்குக் கடுக்காயும் தேனும் கொண்டுவந்து போடுகிற முனியன், விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுக்கா பாய் மலை ஏறி வந்தீங்க? உங்க கட பின்னாடி சாக்கடை ஓரமே மொளைச்சுக் கெடக்குதே."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடை பிடுங்கியாகிவிட்டது. அம்மியில் அரைத்து மோரில் கரைத்து அங்கேயே ஒரு சொம்பு கொடுத்தார்.

"உப்பு, புளி, எண்ண ஆவாது. கறி மூச்சு வுடக் கூடாது."

வீட்டில் உப்பில்லாத கஞ்சி காய்ச்சினார்கள். ஷர்புன்னிசாவும் அரைத்த கீழாநெல்லியில் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு அதே கஞ்சியைக் குடித்தாள். புருஷன் பத்தியம் இருந்தால் தானும் இருக்கிறாளே என்று கலீலுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்தது. வயிறுதான் நிறையவில்லை.

இளைத்துப்போய் டாக்டரம்மா தங்கமணியிடம் சர்டிபிகேட் கேட்டு நின்றார்.

"அது வேற, இது வேற பாய்," என்று டாக்டரம்மா சிரித்தார். "அது கொசுவால வர்ற காய்ச்சல். மெட்ராஸ்ல கவர்மென்ட்டுல ஊசி போட்டு மஞ்சக் கார்டு குடுப்பாங்க."

கீழாநெல்லியோடு முடிந்திருக்க வேண்டியது ஊசியில் வந்து நின்றது. மெட்ராஸுக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். ஊசியைப் பார்த்ததும் கலீலுல்லா பின்னால் நகர்ந்தார்.

"நீ மொதல்ல போட்டுக்க. வலிக்குதான்னு பாக்கலாம்."

அவள் மறுபேச்சு பேசாமல் கையை நீட்டினாள். அவர் முறை வந்தபோது நர்ஸ் ஒரு பக்கமும் ஷர்புன்னிசா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியும் அவர் விடவில்லை.

"ரெண்டு மாசம் கடைய யாரு பாக்கறது?"

"கடைக்கு இன்னாங்க, எப்பவும் போல நடக்கும்."

"சாப்பாடு?"

"கொழம்புப் பொடி, ரசப் பொடி எல்லாம் இடிச்சு டப்பாவுல போட்டு வெச்சிட்டேன். சோத்த மட்டும் வடிச்சுக்கினா போதும்."

"எனக்கு இன்னா வடிக்கத் தெரியும்?"

"கத்துக்கணும். எத்தினி நாளைக்குத்தான் உக்காந்த எடத்துல சாப்டுக்கினே இருக்கறது?"

அன்று முதல் கடையை மூடிவிட்டு வந்து உலை வைத்தார். முதல் நாள் கூழானது. இரண்டாம் நாள் கையைச் சுட்டுக்கொண்டார். மகள் குழந்தை பெற்றுப் படுத்திருக்கும்போது தானல்லவா வடித்துப் போட வேண்டும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எந்த வாரம் எந்த ரோட்டில் மரம் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மார்கழியில் ஒரு நாள் சாலை மறியல் என்று முன்கூட்டியே பேப்பரில் போட்டிருந்தான். கலீலுல்லா ஏஜென்டுக்குப் போன் போட்டு, அந்தத் தேதியில் கிளம்பி வந்து டிக்கெட் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"ஏங்க அன்னிக்கு?" என்றாள் ஷர்புன்னிசா.

"அன்னிக்குத்தான் நாள் நல்லா இருக்குது."

வாழ்நாளில் நாள் பார்க்காத மனிதர் இப்படிச் சொன்னதும் அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியது.

அந்த நாள் வந்தது. பிச்சைமுத்துவின் அம்பாஸிடரில் கிளம்பினார்கள். எலவனாசூர் தாண்டியதும், கலீலுல்லா வேண்டிக்கொண்டபடியே, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் மேலும் கீழுமாக நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடடா, இன்னா பண்றது, திருப்பு பிச்சைமுத்து," என்றார் கலீலுல்லா. குரலில் சோகத்தைக் கொண்டுவர அவர் ரொம்பவும் பாடுபட்டார்.

மரத்தின் மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கண்ணாயிரம். கரும்பு விவசாயி, மூட்டுவலித் தைலத்துக்குப் பாய் கடையின் வாடிக்கை.

"எங்க பாய், இந்த நாள்ல போய்க் கெளம்பிக்கினு?"

பாய் பதில் சொல்லுமுன் ஷர்புன்னிசா தலையை வெளியே நீட்டிவிட்டாள்.

"பொண்ணுக்குத் தலைப்பிரசவம்ங்க. கானா நாட்ல இருக்குது. மெட்ராஸ் போய் ஏரோப்ளேன் புடிக்கணும். அங்க அதுக்கு யாரும் இல்லீங்க."

கண்ணாயிரம் திரும்பி நின்றார். "மரத்த நவுத்துங்கப்பா."

"இன்னாண்ணா, மறியல்னா மறியல்தானே?" என்றான் ஒருவன்.

"நம்ம சண்ட சர்க்கார் கூட. பொறக்கப் போற புள்ள கூடவா?"

நூறு பேர் கை கொடுத்தார்கள். மரம் உருண்டு வழி விட்டது. தைலம் தடவிய முட்டியோடு கண்ணாயிரமும் ஒரு கிளையைத் தள்ளிக்கொண்டிருந்தார். கார் நகர்ந்தபோது, "நல்லபடியா போய் வாங்க பாய்," என்று கை காட்டினார்கள். திரும்பிப் பார்த்தபோது மரம் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

கலீலுல்லாவுக்கு அவமானமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தன் மகளுக்காக மரத்தைத் தூக்குகிறார்கள், பெற்ற நாம் ஒளிந்துகொள்ளப் பார்த்தோமே என்று மனசு சுட்டது. வழி முழுக்க ஏரோப்ளேனை நினைத்துப் பார்த்தார். பயம் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும், பயத்தோடேயே ஏறிவிடுவது என்று முடிவு செய்தார்.

"இனிமே எதுக்கும் தயங்க மாட்டேன்," என்றார் செங்கல்பட்டுப் பக்கம் வரும்போது.

ஷர்புன்னிசா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மனசு எனக்குத் தெரியாதாங்க?"

ஏஜென்ட் ஆபீசில் சுபாஷ் என்ற கிளார்க் இருந்தார். கலீலுல்லா புது சஃபாரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"வாஜிதோட மாமனாரு நான்தான். எவ்ளோ ஒசரத்துல பறந்தாலும் சரி, ஏறிடறேன். டிக்கெட்டக் குடுங்க."

சுபாஷ் டிக்கெட்டை எடுத்தார். பாயைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் பிரசவ மருந்துப் பெட்டியோடு நின்ற ஷர்புன்னிசாவைப் பார்த்தார். ஆபீசில் இருந்த எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"டிக்கெட்டு அம்மா பேருல மட்டும்தானுங்க போட்டிருக்குது, அவங்களப் பிரிய மனசு வராம மாமா ரெண்டு மாசமா சாக்குச் சொல்லிக்கினு இருக்காருன்னு உங்க மாப்ள போன்ல சொன்னப்ப நாங்க நம்பலீங்க."