இஞ்சித் தேத்தண்ணியில் விழுந்த ரொக் பாடகன்

நான் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை. இதைச் சொன்னால் மட்டக்களப்பில் யாரும் நம்புவதில்லை. அச்சில் வந்தாலாவது நம்புவார்களா என்ற நப்பாசையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். (நம்பமாட்டார்கள். தெரியும்.)

இப்போது வழுக்கைத் தலையோடு ஓர் அலுவலகத்தில் வாய்க்கால் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பேர்போன ரொக் குழுவின் தலைமைப் பாடகன் நான்தான். தோள்வரை முடி. காதில் வளையம். (கவ்விப் பிடிக்கிற வளையம். குத்தினால் வலிக்கும் அல்லவா?) கிற்றார் வாசித்தவன் ரெக்ஸி, பறங்கியர் வீட்டுப் பிள்ளை, தச்சுப் பட்டறைக்காரன். ட்ரம்ஸுக்கு ஓட்டமாவடி நவாஸ்.

எங்களிடம் எல்லாம் இருந்தது, கெட்ட பெயரைத் தவிர. ரெக்ஸிக்கு அது பெரிய கவலை.

"மச்சான், ரொக் பாடுறவன் குடிக்கோணும். பால் குடிக்கிற மூஞ்சியோட நிண்டா ஆரு மதிப்பாங்க?"

முயற்சி செய்தேன். சாராயப் போத்தலின் மூடியைத் திறந்ததுமே மணத்துக்கு வாந்தி எடுத்துவிட்டேன். கடைசியில் ரெக்ஸி ஒரு வழி கண்டுபிடித்தான். கழுவிய சாராயப் போத்தலில் இஞ்சி போட்ட பிளேன்ரீ, அதாவது பால் விடாத தேத்தண்ணி. பட்டறையில் பசை காய்ச்சும் அடுப்பில் அவனே போடுவான். லேசாகப் பசை மணக்கும். நிறம் மட்டும் அசல் சாராயம். இரண்டு பாட்டுக்கு ஒருதரம் மேடையில் நான் போத்தலைத் தூக்கி அண்ணாந்து ஊற்றுவேன், சனம் விசிலடிக்கும். ஒரு கச்சேரியில் கறையான் அரித்த கதிரை ஒன்று என் கீழ் உடைந்தது. பாடகர் குடிவெறியில் கதிரையை உடைத்தார் என்று ரெக்ஸி ஊரெல்லாம் பரப்பினான். நானும் மறுக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அடுத்தது ஜக்கெட். கடல் எங்கள் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோன பிறகு நானும் அம்மாவும் முகாமில் இருந்தோம். பனி விழும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து உடுப்பு மூட்டைகள் வந்திறங்கின. கம்பளிக் கோட்டு, காதை மூடும் தொப்பி, தடித்த கையுறை. பங்கிட்டுக் கொடுக்க அக்கரைக் கிராமத்திலிருந்து வந்திருந்தாள் சுபத்திரா, பாலர் பாடசாலை ஆசிரியை. உள்ளே செம்மறி ரோமம் வைத்த கறுப்புத் தோல் ஜக்கெட் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இது ஒருத்தருக்கும் வேணாமாம். நீங்க எடுங்களன். ஒரு நாளைக்கி மட்டக்களப்பில பனி பெய்யும்."

கடல் வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். ஜக்கெட்டையும் எடுத்தேன், அவள் பெயரையும் கேட்டுக்கொண்டேன். அடுத்த சில வருடங்களில் அந்த ஜக்கெட் என் மேடை உடுப்பானது. சுபத்திராவும் நானும் கல்யாணம் முடிப்பது என்று பேசிக்கொண்டோம்.

இடையில் அவள் அப்பா இருந்தார். ஊர்க் கோயிலின் வண்ணக்கர் அவர். கோயில் நிருவாகம் முழுவதும் அவர் கையில். மனிதர் வெற்றிலைகூடப் போடமாட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய் இருக்கவேண்டும். அதனால் மருமகன் எப்படிப்பட்டவன் என்பது பெண்ணுக்குப் போலவே மாமனாருக்கும் தலைபோகிற காரியம். "குடிகாரன் என்ட வாசல் மிதிக்கக் கூடா" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

நாட்டில் சண்டை முடிந்த சில மாதங்களில் அக்கரைக் கிராமத்து விளையாட்டுக் கழகம் எங்களைக் கூப்பிட்டது. பிரதம விருந்தினர் வண்ணக்கர். இது சுபத்திராவின் வேலை.

"நீங்க குடிக்கிறயில்ல எண்டு எனக்குத் தெரியும். அப்பா கண்ணால பாக்கட்டும். அண்டைக்கி மட்டும் அந்தப் போத்தலத் தொட்டீங்க எண்டா, மறுகா என்ட முகத்தில முழிக்க வேணாம்."

சத்தியம் செய்தேன்.

கச்சேரி காலை பத்து மணிக்கு. சிரிக்காதீர்கள். சண்டை முடிந்தும் எங்கள் சனத்தின் கால்கள் பொழுதுபட முன் வீடு திரும்பியே பழகியிருந்தன, எந்த விசேஷமானாலும் பகலில்தான். ட்ரம்ஸையும் ஸ்பீக்கர்களையும் ஏற்றிக்கொண்டு மிதவையில் வாவியைக் கடந்து போனபோதே வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் குடையும் தலையில் துவாயுமாகச் சனம். எத்தனையோ வருடமாகப் பெரிய சத்தம் கேட்டாலே குப்புறப் படுத்த சனம், அன்று பெரிய சத்தம் கேட்பதற்கென்றே உடுத்திச் சோடித்து வந்திருந்தது.

அதைப் பார்த்த உருக்கத்தோடு செம்மறி ரோம ஜக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு மேடை ஏறினேன். மூன்று பாட்டு போத்தல் இல்லாமல் பாடினேன். முன்வரிசையில் வண்ணக்கர் தலையைக்கூட லேசாக ஆட்டினார். நாலாவது பாட்டுக்கு முன் பின்வரிசைப் பொடியன்கள் "போத்தல்! போத்தல்!" என்று கத்தத் தொடங்கினார்கள். ரெக்ஸி மைக்கைப் பிடித்தான்.

"பொறுங்க, பொறுங்க! எங்கட பாடகர் ரெண்டு போத்தல் முடிக்காம நாலாம் பாட்டுத் தொடமாட்டார்!"

சுபத்திரா என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். நான் அவளைப் பார்த்தேன். கைதட்டுகிற சனத்தையும் பார்த்தேன். போத்தலைத் தூக்கினேன். (மூளை கெட்டவன் என்றால் நான்தான்.)

அந்தப் பாட்டின் நடுவில்தான் வண்ணக்கருக்குப் பொன்னாடையோடு மேடையேறும் நேரம் வந்தது. முகம் கடுகடுவென்று இருந்தாலும் ஒப்புக்கொண்ட மரியாதைக்காக ஏறினார். என் ஜக்கெட்டுக்கு மேல் பொன்னாடையையும் போர்த்தினார். அதுவரை எப்படியோ நின்றிருந்த என் உடம்பு அந்த ஒரு துணியைத் தாங்கவில்லை. கண் இருண்டது. வருங்கால மாமனாரின் காலடியில் பொத்தென்று விழுந்தேன்.

இனி நடந்ததெல்லாம் பிறகொரு நாள் சுபத்திரா சொல்லித் தெரிந்தது. "வெறியில விழுந்திட்டான்!" என்று மைதானம் கூவியது. வண்ணக்கரோ விசாரிக்காமல் யார்மேலும் பழி போடாதவர். உருண்டு வந்த போத்தலை எடுத்து முகர்ந்தார். அன்று அவருக்குத் தடிமன், மூக்கு அடைப்பு, ஒன்றும் மணக்கவில்லை. நாலு பேர் அறிய உண்மை தெரியவேண்டும் என்று நாக்கில் ஒரு துளி விட்டார். தேத்தண்ணி! திரும்பவும் ஒரு வாய் பார்த்தார். இஞ்சி சுள்ளென்று தடிமனுக்கு இதமாக இறங்கியிருக்கிறது. வெயில் வேறு. மனிதர் தன்னை மறந்து போத்தலை அண்ணாந்து மடக்கு மடக்கென்று இழுத்துவிட்டார்.

மைதானத்தில் விசில் பறந்தது பாருங்கள், என் வாழ்நாளில் எந்தப் பாட்டுக்கும் எனக்கு அப்படி ஒரு விசில் கிடைத்ததில்லை. விஷயம் விளங்கிப் பதறிய வண்ணக்கர், என்னை எழுப்பிச் சாட்சி சொல்ல வைப்பதற்காக மிச்சத்தை என் முகத்தில் ஊற்றினார். அத்தோடு இருந்த ஒரே ஆதாரமும் போயிற்று.

கோயில் கூட்டத்தில் கேட்டார்கள். "அது தேத்தண்ணி" என்றார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். சுபத்திரா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எல்லாம் முடிந்தது என்று முடியை வெட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வண்ணக்கர் எங்கள் வாசலில் நின்றார்.

"தம்பி, நீ குடிக்கிறயா?"

"இல்ல ஐயா."

"நானும் இல்ல. அத நம்புற ஆளுகள் இந்த ஒலகத்தில நாம ரெண்டு பேருந்தான்."

உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஐயா, கலியாணம் எண்டு ஒண்டு முடிச்சா இவன் விட்டிருவான் ஐயா!"

வண்ணக்கர் என்னைப் பார்த்து, "பாத்தியா மனே?" என்றார். எங்கள் பக்கத்தில் மகனுக்குச் சொல்லும் அந்த 'மனே'யில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் தொடர்ந்தார்: "என்ட வீட்டுக்கு வாறவன் என்னய நம்புறவனா இரிக்கணும். இப்ப ஊரில அப்பிடி ஒருத்தன் நீ மட்டுந்தான். என்ட புள்ளைக்கிட்ட நானே கதைக்கிறன். இனிப் போத்தலுக்குள்ள பச்சத் தண்ணிகூட ஊத்தாத."

சுபத்திரா என்னை மன்னிக்க மேலும் ஒரு மாதம் எடுத்தாள். நியாயம்தான். ரொக் குழு அதோடு சரி.

போன வருடம் வண்ணக்கர் மாமாவும் நானும் களுதாவளையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் எங்களை யாரென்று தெரியாமல் எங்களுக்கே இந்தக் கதையைச் சொன்னார்.

"மாமனாரும் மருமகனும் மேடையிலேயே போட்டிக்கிக் குடிச்சவங்களாம். மாமன் அசையாம நிண்டார், மருமகன் மூண்டு போத்தலோட விழுந்திட்டானாம்!"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்திருந்தேன். மாமா தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமினார். இன்றைக்காவது தேத்தண்ணி என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மூண்டுக்கெல்லாம் விழுற ஆளில்ல என்ட மருமகன்" என்றார். "அஞ்சு."

இப்போது வீட்டில் நான் மூன்றாவது தடவை பிட்டு வேண்டாம் என்று கையை நீட்டி மறித்தால், "மூண்டுக்கெல்லாம் விழுற ஆளா நீங்க?" என்று சொல்லிச் சொல்லியே சுபத்திரா தட்டை நிரப்புகிறாள்.